மாமியார் பெயர் வைத்த பிள்ளை

மதுரையில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்லை விட்டெறிந்தால் அது ஏதாவது ஒரு மீனாட்சி மேல்தான் விழும். நான் சொல்வது எழுபதுகளை. இப்போது கல் எறிந்தால் அவர்களுடைய பேத்திகள்மேல் விழும். அவர்களுக்கெல்லாம் வாயில் நுழையாத பெயர்கள்.

கல்யாணத்துக்கு முன் நான் பழங்காநத்தத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஓட்டுக் கட்டடம், மாடியில் ஒரு நீள அறை. காலையில் முதல் பேட்ச் வந்து உட்கார்ந்ததும் "மீனாட்சி, முதுகை நிமிர்த்தி உட்காரு" என்று ஒரு குரல் கொடுத்தால் அறையில் பாதி முதுகுகள் நிமிரும். சோம்பேறி வாத்திச்சிக்கு இது வசதி. ஆனால் ஃபீஸ் வாங்கும்போது யார் எந்த மீனாட்சி என்று தெரிய வேண்டும் அல்லவா? அதனால் லோயர் மீனாட்சி, ஹையர் மீனாட்சி, ஜன்னலோர மீனாட்சி, ரிப்பன் கிழிக்கிற மீனாட்சி என்று பிரித்து வைத்திருந்தோம். வெளியே தெருவில் இறங்கினால் மீனாட்சி சைக்கிள் கடை, மீனாட்சி காபி பார், மீனாட்சி பாத்திரக்கடை. ஆட்டோவின் முதுகிலும் அவள்தான், பால்காரரின் மாட்டுக்கும் அவள் பெயர்தான்.

அந்தப் பெயருக்குப் பொருள் மதுரைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மீன் போன்ற கண்ணை உடையவள். வடிவத்தைச் சொல்வதாகத்தான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். பெரியவர்கள் சொல்வது வேறு. மீனுக்கு இமை கிடையாது. முட்டையிட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருக்குமாம், அந்தப் பார்வையிலேயே குஞ்சு பொரியுமாம். அதுபோல அம்மன் கண் கொட்டாமல் ஊரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாளாம். மீன் உண்மையில் அப்படிச் செய்யுமா என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனால் பிள்ளை பெற்ற எவளோ ஒருத்திதான் இந்த விளக்கத்தை முதலில் சொல்லியிருப்பாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் கட்டிக்கொண்டு வந்த பெண் புருஷன் பெயரையோ மாமனார், மாமியார் பெயரையோ வாயால் சொல்லக்கூடாது. இது ஊருலகம் அறிந்த விஷயம். என் அம்மாவின் மாமியார் பெயர் வெள்ளையம்மாள். அதனால் என் அம்மா சாகும்வரை 'வெள்ளை' என்ற சொல்லையே சொன்னதில்லை. அப்பாவின் வேட்டி அம்மாவுக்கு 'சலவை வேட்டி'. வீட்டுக்கு அடிப்பது 'சுண்ணாம்பு கலர்'. ஒருமுறை ஜவுளிக்கடையில் "பால் நெறத்துல பாடி துணி குடுங்க" என்று கேட்டு, கடைக்காரர் இளமஞ்சளில் எடுத்துப்போட, அம்மா தலையை ஆட்ட, அவர் சாம்பலில் எடுத்துப்போட, அம்மா தலையை ஆட்ட, கடைசியில் நான்தான் "வெள்ளை!" என்று கத்தினேன். இந்த மூடத்தனம் எல்லாம் உங்கள் தலைமுறையோடு சரி என்று அம்மாவை எவ்வளவு கேலி செய்திருப்பேன்!

எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். வாடிப்பட்டிக்கு அந்தப் பக்கம் விவசாயக் குடும்பம், பையனுக்கு மதுரையில் ஆபீஸ் வேலை. எல்லாம் பேசி முடித்து, பத்திரிகை அச்சாகி வந்தது. அம்மா அதை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தவள், மாப்பிள்ளையின் தாயார் பெயரைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏண்டி, மீனாட்சின்னுல்ல போட்டுருக்கு."

"இருக்கட்டுமே, அதுக்கென்ன?"

"மதுரைக்குள்ள குடியிருந்துக்கிட்டு இந்தப் பேரைச் சொல்லாம எப்புடிடி காலந்தள்ளப்போற?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கல்யாணமாகிக் காளவாசலில் வாடகை வீட்டுக்குக் குடிவந்த பிறகுதான் அந்தச் சிரிப்பு எவ்வளவு அவசரப்பட்டது என்று தெரிந்தது.

நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால், இல்லை. சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்றெல்லாம் நினைக்கிற ஆள் இல்லை நான். ஆனால் தாலி ஏறிய மறுநாள் அந்தப் பெயரைச் சொல்ல வாயெடுத்தால் நாக்கு எழும்பவில்லை. காரணம் கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. கோயில் 'பெரிய கோயில்' ஆனது. காபி பார் 'முக்குக் காபி கடை' ஆனது. என் கணவரின் பெரியம்மா ஒருவர் இருந்தார், சட்டங்களுக்கெல்லாம் அவர்தான் அத்தாரிட்டி. "மீனுன்னு மொட்டையாச் சொன்னாலும் அது பேருல பாதிதான" என்று அவர் ஒரு நாள் போகிறபோக்கில் சொல்லிவைத்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அயிரை உண்டு, கெளுத்தி உண்டு, விரால் உண்டு, மீன் கிடையாது. அம்மாவைக் கேலி செய்த வாய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது.

என் மாமியாரை, எங்கள் வழக்கப்படி அத்தை என்றுதான் கூப்பிடுவேன், நீங்கள் பயங்கரமாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். தன் பெயரைச் சொல்லக்கூடாது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அதிகம் பேசாதவர். கருத்த, உயர்ந்த உருவம். வயலில் நின்றால் ஆம்பிளைகளுக்குச் சமமாக வேலை செய்வார். மாதம் ஒருமுறை வாடிப்பட்டி பஸ்ஸைப் பிடித்துக் காளவாசலில் இறங்கி, தேங்காயும் கத்திரிக்காயும் மொச்சையுமாக ஒரு சாக்கைச் சுமந்துகொண்டு வந்து நிற்பார். "வாரேன்னு ஒரு தபால் போடக்கூடாதா அத்தை" என்றால், "போட்டா நீ எதுத்தாப்புல வந்து சாக்கத் தூக்குவ, எதுக்கு" என்பார். ஊரில் அவரை எல்லாரும் மேலூர்க்காரி என்பார்கள், பிறந்த ஊர் மேலூர்ப் பக்கம் என்பதால். மாமனார் 'இந்தா' என்று கூப்பிடுவார். சின்னஞ்சிறுசுகளுக்கு 'பெரியவன் ஆத்தா'. பெரியவன் என்பது என் கணவர்.

எனக்கு முதல் பிள்ளை உண்டானபோது எண்பதுகள் தொடங்கியிருந்தன. பெண்பிள்ளைகளின் பெயர்கள் சடசடவென்று மாறிக்கொண்டிருந்த காலம். தெருவில் பிரியாவும் வித்யாவும் ரம்யாவும் பிறந்துகொண்டிருந்தார்கள். டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்தவள் நான், என் பிள்ளைக்குப் பெயர் நீளமாக, அடித்தால் கை ஓடுகிற மாதிரி இருக்க வேண்டும் என்று ஆசை. பிரியதர்சினி என்று மனதுக்குள் வைத்துவிட்டேன். வயிற்றைத் தடவிக்கொண்டு அந்தப் பெயரைச் சொல்லிக்கூடப் பார்த்திருக்கிறேன்.

பெண்ணே பிறந்தது. கணவர் வந்து தொட்டிலைப் பார்த்துவிட்டு, என்னவோ சினிமாவுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்பது மாதிரி, "ஆத்தா பேரு வச்சுரலாம்" என்றார்.

மூத்த பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவள் பெயர், இரண்டாவது பெண்ணுக்கு அம்மாவைப் பெற்றவள் பெயர். எங்கள் வழக்கம் அது. பேரன், பேத்தி என்ற சொற்களே பெயரைச் சுமப்பவர்கள் என்பதால் வந்தவைதானே. எனக்கு இது தெரியாமல் இல்லை. ஆனாலும் பத்து மாதம் சுமந்தவள் நான். அழுதேன். சாப்பிடமாட்டேன் என்றேன். "ஊருல இருக்குற அம்புட்டுப் பிள்ளைக்கும் அந்தப் பேருதான் இருக்கு, எம்பிள்ளைக்கும் அதே பேரா? நடுத்தெருவுல நின்னு கூப்புட்டா நாப்பது பேரு திரும்புவாளுக" என்றேன். 'அந்தப் பேரு' என்றுதான் சொன்னேன் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். கோபத்திலும் நாக்கு எழும்பவில்லை.

கணவர் கொஞ்சம் இறங்கி வந்தார். அந்த நேரத்தில்தான் அத்தை வந்தார். என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார்:

"எனக்குன்னு இதுவரைக்கும் உங்ககிட்ட ஒண்ணும் கேட்டதில்லத்தா. இது ஒண்ணு மட்டும் செய்யி."

மறுக்க முடியுமா? சரி என்றேன். மனதுக்குள், வாய் பேசாதவர் என்று நினைத்தோமே, எவ்வளவு வீம்பு பார் என்று திட்டினேன்.

பெயர் வைக்கிற அன்று என் நாத்தனார் பிள்ளையை மடியில் போட்டு, காதோரம் வெற்றிலையை மறைத்து வைத்துக்கொண்டு முதலில் மெதுவாகவும் பிறகு எல்லாருக்கும் கேட்கவும் கூப்பிட்டாள். "மீனாச்சி! மீனாச்சி!" பிள்ளை நல்ல தூக்கம். ஆனால் கதவோரம் நின்றிருந்த அத்தை, "ம்?" என்று பதில் கொடுத்தார்.

வீடே சிரித்தது. நானும்தான். அத்தை வெட்கப்பட்டுப்போய் அடுக்களைக்குள் நுழைந்துகொண்டார். வடை சுடுகிறேன் என்று வெகுநேரம் அங்கேயே இருந்தார்.

பெயர் வைத்தாயிற்று, இனி பிள்ளையை எப்படிக் கூப்பிடுவது? நான் சொல்லக்கூடாது. பெற்ற தாயின் பெயரைச் சொல்லிக் கூப்பிட என் கணவருக்கும் கூச்சம். 'மீனாட்சி, ஏண்டி இப்படிப் படுத்துறே' என்று பிள்ளையைத் திட்டினால் அது யாரைத் திட்டியதாக ஆகும்? 'சனியனே' என்று ஒரு வார்த்தை சேர்ந்தால் குடும்பமே இரண்டாகிவிடும். ஆகவே பாப்பா. வந்தால் பாப்பா, போனால் பாப்பா, அடித்தாலும் பாப்பா. அத்தைக்கோ தன் பெயரைத் தானே கூப்பிட்டுக்கொள்ள வெட்கம், பிள்ளையை 'ஆத்தா' என்பார். நாத்தனார் வருஷத்துக்கு இரண்டு தடவை வந்தால் உண்டு. எல்லாருமாகச் சேர்ந்து ஒரு பெயரைச் சூட்டி அன்றைக்கே அதைப் பரணில் ஏற்றிவிட்டோம்.

ஒருமுறை அத்தை வந்திருந்தபோது, "பிள்ளையப் பேரு சொல்லித்தான் கூப்புடேன்த்தா, அதுலென்ன" என்றார். மாமியார் வைக்கிற பரீட்சை இது, உஷாராக இருக்க வேண்டும் என்று நினைத்து, "பாப்பான்னு கூப்புட்டுப் பழகிருச்சு அத்தை" என்று மிகப் பணிவாகச் சொன்னேன். அவர் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பிள்ளைக்கு மூன்றரை வயதானபோது பக்கத்திலிருந்த மிஷன் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்கப்போனோம். சிஸ்டர் அன்பாகக் குனிந்து, "உன் பேரென்ன?" என்று கேட்டார்.

"பாப்பா."

"பாப்பா சரி. பேரு?"

"பாப்பாதான்" என்றாள் என் மகள், கொஞ்சம் எரிச்சலோடு. அந்த எரிச்சல் மட்டும் என்னிடமிருந்து வந்தது. விண்ணப்பத்தில் எழுதியிருந்த பெயரைப் பார்த்துவிட்டு சிஸ்டர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "எங்ககிட்ட மீனாட்சி நிறைய இருக்காங்கம்மா. யாருன்னு கேட்டா இவளுக்குச் சொல்லத் தெரியணும். ஜூன் மாசத்துக்குள்ள பேரைச் சொல்லிக்கொடுத்துக் கூட்டிட்டு வாங்க" என்றார். வீட்டுக்கு வந்து கணவரிடம் அந்த வேலையை ஒப்படைத்தேன். அவர் சரி என்றார். சரி என்பதோடு எங்கள் வீட்டில் நிறைய வேலைகள் முடிந்துவிடும்.

சித்திரை வந்தது. தேரன்று அத்தை விடியக்காலைப் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். நாங்கள் நான்கு பேரும் மாசி வீதிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. கூட்டமென்றால் கூட்டம். மொட்டை மாடிகளிலும் ஜன்னல் விளிம்புகளிலும் ஆட்கள். தேர் வடம் பிடித்துவிட்டுத்தான் வருவேன் என்று கணவர் முன்னால் போய் மறைந்தார். நானும் அத்தையும் பிள்ளையுமாக ஒரு நீர்மோர்ப் பந்தலோரம் ஒதுங்கினோம். நான் மோர் வாங்கத் திரும்பினேன். பிள்ளையின் கை அத்தையின் கையில் இருக்கிறது என்று நினைத்தேன். செருப்பு வார் கழன்றதென்று குனிந்த அத்தை, பிள்ளை என் கையில் இருக்கிறாள் என்று நினைத்தார். மோர் டம்ளர்களோடு நான் நிமிர்ந்தபோது எங்கள் இருவருக்கும் நடுவில் ஆள் இல்லை.

இமைக்காமல் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பவள் என்று பொருள் உள்ள பெயரை வைத்துவிட்டு, இரண்டு பெண்கள், நான்கு கண்கள், கோட்டைவிட்டோம்.

"பாப்பா!" என்று கத்தினேன். பக்கத்தில் ஒரு பிள்ளை திரும்பியது. "பாப்பா! பாப்பா!" தோள்களிலிருந்தும் இடுப்புகளிலிருந்தும் பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தன. மதுரையில் மீனாட்சிகளைவிட அதிகமாக இருப்பவர்கள் பாப்பாக்கள்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எந்த முகமும் என் பிள்ளையின் முகமாக இல்லை.

பந்தலுக்குப் பக்கத்தில் மைக் வைத்துக்கொண்டு ஒரு போலீஸ்காரர் நின்றார். ஓடிப்போய், "எம்பிள்ளையக் காணோம் அண்ணே, பச்சைப் பாவாடை, மூணரை வயசு" என்றேன்.

"பேரச் சொல்லும்மா."

வாயைத் திறந்தேன். அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் வரவில்லை.

"எங்க அத்தை பேருதாண்ணே."

"ஏம்மா, உங்க அத்தை பேரு எனக்கு எப்புடிம்மா தெரியும்?"

அத்தைதான் சொன்னார். "மீனாச்சிய்யா. மீனாச்சி." சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. போலீஸ்காரர் மைக்கில், "மீனாட்சி என்ற மூன்றரை வயதுப் பெண் குழந்தை, பச்சைப் பாவாடை, எங்கிருந்தாலும் நீர்மோர்ப் பந்தலுக்கு வரவும்" என்று கணீரென்று அறிவித்தார். மூன்றரை வயது வந்து நிற்கும் என்று எதிர்பார்த்தார்போல. அதுவும் தன் பெயர் அதுதான் என்று தெரியாத மூன்றரை வயது.

அந்த நேரம் பார்த்துத் தேர் அசைந்தது. கூட்டம் ஒரேயடியாகப் பின்வாங்கி எங்கள்மேல் சாய்ந்தது. சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர்கள் விலகச் சொல்லிக் கத்தினார்கள். அந்தச் சக்கரத்தைப் பார்த்ததும் எனக்குள் என்ன நடந்தது என்று தெரியவில்லை. அத்தையின் கையை உதறிவிட்டுக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினேன்.

"மீனாச்சி! ஏடி மீனாச்சி! எங்கிட்டுடி போய்த் தொலஞ்ச! மீனாச்சீ!"

வந்துவிட்டது. அத்தனை வருஷமும் அடைத்துவைத்தது மொத்தமாக வந்துவிட்டது. கொண்டை அவிழ்ந்து தொங்குகிறது, முந்தானை எங்கோ இழுபடுகிறது, அம்மனின் தேர் எதிரே வந்துகொண்டிருக்கிறது, அதைப் பார்த்து ஒருத்தி மீனாட்சி, மீனாட்சி என்று தலைவிரிகோலமாக அலறுகிறாள் என்றால் மதுரை ஜனங்கள் என்ன நினைப்பார்கள்?

"சாமி வந்துருச்சு! வெலகுங்க, வெலகுங்க!"

நாலைந்து பெண்கள் சேர்ந்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி நெற்றி நிறையத் திருநீற்றை அள்ளிப் பூசினாள். ஒருத்தி குடத்துத் தண்ணீரை உச்சந்தலையில் ஊற்றினாள். எங்கிருந்தோ வேப்பிலை வந்தது. "சாமியும் இல்ல ஒண்ணும் இல்ல, விடுங்கடி! எம்பிள்ளையக் காணோம்! மீனாச்சி!" என்று நான் திமிறத் திமிற அவர்கள் பிடி இறுகியது. ஒரு கிழவர் என் முன்னால் கைகூப்பி நின்று, "தாயே, பிள்ளைகளக் காணோம்னு வருத்தப்படாதே, நாங்க அம்புட்டுப் பேரும் ஒம் பிள்ளைகதான்" என்றார். நான் அவரைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன். அதையும் அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு வாங்கிக்கொண்டார்.

சாமியாடுவதைப் பார்க்க வட்டம் கூடியது. பின்னால் நின்றவர்கள் எக்கிப் பார்த்தார்கள். அழுதுகொண்டிருந்த பிள்ளை ஒன்றைக் கண்டெடுத்து, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டுக்கொண்டே வந்த பூக்காரப் பெண் ஒருத்தி, என்ன கூட்டம் என்று பார்க்க அவளும் ஒதுங்கியிருக்கிறாள். பிள்ளையைத் தூக்கித் தலைக்குமேல் காட்டினாள், அழுகையை நிறுத்தட்டும் என்று.

"அம்மா!" என்று ஒரு சத்தம்.

எத்தனை பிள்ளைகள் அங்கே அம்மா என்று கத்திக்கொண்டிருந்தார்களோ தெரியாது. எனக்கு ஒன்றுதான் கேட்டது. பிடித்திருந்த பெண்களை நான் எப்படி உதறினேன் என்று இன்றும் தெரியாது, ஒருத்தியின் வளையல் உடைந்தது நினைவிருக்கிறது. பிள்ளையை வாங்கி நெஞ்சோடு இறுக்கியதும் எனக்கு அழுகை வெடித்துவிட்டது. என்னைப் பிடித்திருந்தவர்களும் அழுதார்கள். அவர்களுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. "ஐயய்யோ, பிள்ளையத் தொலச்சவளையா புடிச்சு வச்சுருந்தோம்" என்று வேப்பிலைக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். நல்ல ஜனங்கள். அவர்கள் பிடித்து வைக்காவிட்டால் நான் தேருக்கு அந்தப் பக்கம் ஓடியிருப்பேன், பிள்ளை இந்தப் பக்கம் இருந்திருப்பாள்.

ஈரத் தலையும் திருநீறுமாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்கு வரும்போதுதான் எனக்கு மற்றது ஞாபகம் வந்தது. நடுவீதியில், ஊர் அறிய, மாமியார் பெயரைச் சொல்லியிருக்கிறேன். சொன்னது மட்டுமா? 'ஏடி' என்று சொல்லியிருக்கிறேன். 'தொலஞ்ச' என்று சொல்லியிருக்கிறேன்.

அத்தை ஒரு பூட்டிய கடையின் படியில் உட்கார்ந்திருந்தார். பிள்ளையைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டினார். மடியில் வாங்கி, தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தார். முகம் முழுக்கக் கண்ணீர். "அம்மா சாமியாடுச்சு அப்பத்தா" என்றாள் பிள்ளை.

நான் அவர் காலடியில் உட்கார்ந்தேன். "அத்தை, மன்னிச்சுருங்க. பதட்டத்துல வாயில வந்துருச்சு. உங்களச் சொல்லல."

அவர் என்னைப் பார்க்கவில்லை. பிள்ளையின் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டே இருந்தார்.

"நல்லாத்தானத்தா கூப்புட்ட" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"எங்க ஆத்தா இப்புடித்தான் கூப்புடும். நான் கம்மாக்கரையில வெளையாடிக்கிட்டு நிப்பேன், 'ஏடி மீனாச்சி, எங்கிட்டுடி போய்த் தொலஞ்ச'ன்னு ஊருக்கே கேக்கும். ஆத்தா போனதுக்குப் பெறகு என்னைய யாருத்தா பேரு சொல்லிக் கூப்புட்டா? உங்க மாமா இந்தாங்கறாக. ஊரு மேலூர்க்காரிங்குது. பேத்திக்கு வச்சாலாச்சும் வீட்டுக்குள்ள அந்தப் பேரு கேக்கும்னு நெனச்சேன். நீங்க பாப்பா பாப்பாங்குறீக."

அதைச் சொல்லிவிட்டு அத்தை லேசாகச் சிரித்தார், பெயர் வைத்த அன்று வெட்கப்பட்டாரே, அதே சிரிப்பு. வீம்பு என்று நினைத்தேன், பரீட்சை என்று நினைத்தேன். அந்த மனுஷி கேட்டது இவ்வளவுதான். வாழ்க்கையில் எங்களிடம் கேட்ட ஒன்றே ஒன்று. அதைக் கொடுப்பதாகச் சொல்லி வாங்கிப் பூட்டிவைத்திருந்தது எங்கள் மரியாதை. எனக்கு எங்கள் எல்லார்மேலும் கோபம் வந்தது. அவ்வளவு பெரிய கூட்டத்தில், அவருடைய பெயர் கொண்ட அம்மனின் தேர் போய்க்கொண்டிருக்கிற வீதியில், அவரை அந்தப் பெயரால் கூப்பிட ஓர் ஆள் இல்லை.

அன்று வீட்டுக்குத் திரும்பியதும் கணவரிடம், "இனிமே பாப்பான்னு யாரும் கூப்புடக்கூடாது" என்று சொன்னேன். காரணம் சொல்லவில்லை. தேரில் தொலைந்த கதை போதுமான காரணமாக இருந்தது. ஜூன் மாதம் சிஸ்டர் குனிந்து கேட்டபோது என் மகள் தன் பெயரைக் கூரை பறக்கச் சொன்னாள். கணவரின் பெரியம்மா கேள்விப்பட்டு, மருமகள் மாமியார் பெயரைச் சொல்லலாச்சா என்று ஆளனுப்பினார். "எம்மகளக் கூப்புடுறேன், அவுகளுக்கென்ன" என்று பதில் சொல்லியனுப்பினேன். வீட்டில் மீன்கூட வந்துவிட்டது.

அத்தை மாதம் ஒருமுறை வருவது இரண்டு முறையானது. நான் அடுக்களையிலிருந்து "மீனாச்சி!" என்று கூப்பிட்டால் வாசலிலிருந்து மகள் "என்னம்மா" என்பாள். கூடத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிற அத்தையிடமிருந்து வாய்க்குள்ளேயே ஒரு "ம்" வரும். கேட்காததுபோல நான் அடுப்பைப் பார்த்துக்கொள்வேன்.

ஒரு மத்தியானம் அவர் அப்படித்தான் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள், காலையில் அத்தைதான் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்திருந்தார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். சோறு வடித்துவிட்டு நான் நிலைப்படியில் வந்து நின்று கூப்பிட்டேன்.

"மீனாச்சி!"

மொச்சை உரித்த கை நின்றது. அவர் வாசலைப் பார்க்கவில்லை, என்னைத்தான் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னத்தா?" என்றார்.

"சாப்புட வாங்க" என்றேன்.